நான்கு நாற்பது, ஐந்து நாற்பது

குவாதியானா ஆற்றின் இந்தப் பக்கம் போர்ச்சுகல்,
அந்தப் பக்கம் ஸ்பெயின்.
எங்கள் மோட்டார்ஹோம் நிற்பது இந்தப் பக்கம்தான்,
தண்ணீர்க் குழாய்க்கும் ஒரு அத்திமரத்துக்கும் நடுவில்.
என் கைபேசிக்கு மட்டும்
ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

அக்கரைக் கோபுரத்தைப் பிடிக்கும்போதெல்லாம்
அதற்கு ஒரு மணி நேரம் வயது கூடிவிடும்.
நான்கு நாற்பதாக இருந்தது
ஐந்து நாற்பது ஆகும்.
கெட்டிலை நகர்த்தி வைத்தால் திரும்பி வரும்.
"பாஸ்போர்ட் இல்லாமல் போய் வருகிறது பார், களவாணி"
என்கிறான் ராட்னி.
எங்கள் தொண்ணூறு நாளில்
எத்தனை மிச்சம் என்று எண்ணுகிறவன் அவன்தான்.

ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும்.
பேனாவால் இல்லை, விரலால்.
கிரிம்ஸ்பியில் எங்கள் வீடு.
மாடிக்குப் பதினான்கு படி. ஒன்பதாவது முனகும்.
வாங்குகிறவள் பல் மருத்துவர்.
படியைப் பற்றி அவளிடம் யாரும் சொல்லவில்லை.
ராட்னியின் கையெழுத்து நேற்றே போய்ச் சேர்ந்தது.
என்னுடையதைப் பாதி வழியில் ஆறு விழுங்கிவிட்டது.

இப்போது அவன் கூரைமேல் நின்று ஆன்டெனாவைத் திருப்புகிறான்.
பாலைவனத்திலும் படம் பார்க்கலாம்
என்று சொல்லி விற்றார்கள்.
இங்கே அதில் ஒரு செங்கால் நாரை வந்து உட்காருகிறது.
"இப்போ?"
"ஒரு கோடு."
"இப்போ?"
"ஒன்றுமில்லை."
"இப்போ?"
சேர்ந்து வாழ்ந்த நாற்பது வருஷத்தில்
இவ்வளவு நேரம் விடாமல் நாங்கள் பேசியதில்லை.

காலையிலேயே சிம் வாங்கப் போயிருந்தேன்.
கடைப் பையன் டெல்மோ திரையைத் திருப்பிக் காட்டினான்:
நிரந்தர முகவரி.
சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம், நிரப்பாமல் நகராது.
அந்த முகவரியை விற்கத்தான் சிம்மே, என்றேன்.
விற்ற பிறகு எது முகவரி, என்றான்.
கேலி இல்லை. அவனுக்குத் தெரிந்துகொள்ள ஆசை.
வண்டி எண்ணைச் சொன்னேன்.
அடித்துப் பார்த்தான். கட்டம் ஏற்கவில்லை.
இன்னும் எட்டு மணி நேரம் எங்கள் வீடுதானே என்று
பழைய தெருவையே எழுதிக் கொடுத்தேன்.
சிம்முக்கு உயிர் வர
நாளைக்கூட ஆகலாம் என்றான்.

நாளை ஆகாது.
செருப்பு மாட்ட நேரமில்லாமல்
ஐடலினாவின் காப்பிக்கடைக்கு ஓடினேன்.
சர்க்கரைப் பொட்டலத்தின் பின்னால் கடவுச்சொல்லை எழுதினாள்:
மத்தி மீன், சின்ன எழுத்தில். பிறகு எழுபத்து நான்கு.
ஏன் எழுபத்து நான்கு என்று கேட்டேன்,
மூச்சு வாங்கும்போது எதையாவது கேட்க வேண்டுமே.
"அந்த வருஷம்தான் எங்கப்பா
ஜன்னலைச் சாத்தாமல் பேச ஆரம்பித்தார்"
என்றாள், தரை துடைத்த துணியைப் பிழிந்தபடி.

வட்டம் சுற்றியது.
ஆவணம் கால்வாசி இறங்கி நின்றது.
மூலையில் நான்கு ஆண்கள், தொலைக்காட்சியில் கால்பந்து,
அதே மெல்லிய இழையில் தொங்கிக்கொண்டு.
ஐடலினா என் முகத்தைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள்,
தொலைக்காட்சியை அணைத்துவிட்டாள்.
பெனால்ட்டி நேரம்.
நான்கு கோப்பைகள் அந்தரத்தில் நின்றன.
என் பெயர் கோழி கிண்டினாற்போல் திரையில் விழுந்தது.
அனுப்பு.
வட்டம்.
வட்டம்.
பச்சை டிக்.

தொலைக்காட்சி திரும்பி வந்தபோது
கோல் எண்ணிக்கை மாறியிருந்தது.
எப்படி அடித்தான், எந்தக் காலால் என்று
பார்க்காத கோலுக்காக நால்வரும் சண்டை போட்டார்கள்.
என்னைத் திட்டினார்களா தெரியாது. எனக்கு அந்த மொழி வராது.
நான்கு பேருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தேன்.

திரும்பி நடக்கும்போது பையில் கைபேசி அதிர்ந்தது:
ஸ்பெயினுக்கு நல்வரவு.
மணி ஆறைத் தாண்டியிருந்தது.

ராட்னி இன்னும் கூரைமேல்தான்.
என்னைக் கண்டதும் கேட்டான், "இப்போ?"
"போய்விட்டது" என்றேன்.
சிக்னலைச் சொல்கிறேன் என்று நினைத்து
ஆன்டெனாவை
இன்னும் கொஞ்சம் அக்கரைப் பக்கம் திருப்பினான்.